மாப்பிள்ளையின் முதுகு

டீச்சர்: முதல்ல எப்போ திமிறினான்னு கேட்டா... சரியாச் சொல்லத் தெரியலண்ணே. மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடின்னு நினைக்கிறேன். இல்ல, மழை விட்டப்புறமோ... என் ஞாபகத்தை ரொம்ப நம்பாதீங்க.

சேணக்காரர்: நம்பல. குதிரையைப் பிடிங்க. தலையை நேரா வைக்கச் சொல்லுங்க உங்க மாப்பிள்ளைய.

டீச்சர்: நானா அந்தப் பேரு வச்சேன்? சவாரி கத்துக்க வர்ற பிள்ளைங்க வச்சது. எதுக்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வச்சுக்குவான்ல...

சேணக்காரர்: பேரு பொருந்திடுச்சு. சேணம்தான் பொருந்தல. இதோட நாலு.

டீச்சர்: அஞ்சு. அந்தப் பழுப்புச் சேணத்தை விட்டுட்டீங்க.

சேணக்காரர்: அதெல்லாம் சேணமா? தலகாணி. ...உங்க முதலாளி இவனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு கொடுத்தாராமே? அப்புறம் செங்கல் வண்டி இழுக்கத்தான்னு?

டீச்சர்: போன வாரம் சொன்னார். ஏறினவங்களைத் தள்ளிவிடற குதிரை சவாரிப் பள்ளிக்கு எதுக்குன்னு... முதலாளி வேற எப்படிப் பேசுவார்?

சேணக்காரர்: இன்னிக்கு வியாழன்.

டீச்சர்: தெரியும்.

சேணக்காரர்: சரி. முதுகுல சாக்பீஸ் பொடி தூவியாச்சு. சேணத்தை வைக்கிறேன்... எடுக்கிறேன். அடியில பாருங்க.

டீச்சர்: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கு.

சேணக்காரர்: அவனுக்கு இடது பக்கம் சதை வத்தியிருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி கம்பளி திணிச்சிருக்கேன். ஆக, குதிரைக்குச் சேணம் சரி. இப்போ நீங்க ஏறுங்க.

டீச்சர்: நானா?

சேணக்காரர்: பின்ன, நானா? இந்தத் தொப்பையோட ஏறினா மாப்பிள்ளை விவாகரத்து கேட்பான்.

டீச்சர்: ஏறித்தான் ஆகணுமா...

சேணக்காரர்: வெறும் சேணம் யாரை அழுத்தும்? ஏறுங்க. ...முற்றத்தை ஒரு சுத்து. மெதுவா. போதும், இறங்குங்க. முக்காலி போடவா?

டீச்சர்: வேணாம். ...போடுங்க.

சேணக்காரர்: ம்.

டீச்சர்: என்ன, ம்?

சேணக்காரர்: இடது பக்கம் பொடி அப்பிக் கிடக்கு. வலது பக்கம் பட்டும் படாம இருக்கு.

டீச்சர்: உங்க தையல் ஒரு பக்கமா இழுத்திருக்கும்.

சேணக்காரர்: இருக்கலாம்.

டீச்சர்: இருக்கலாமா? இப்பத்தானே சரின்னீங்க?

சேணக்காரர்: நீங்க சொன்னா சரின்னு கேட்டுக்கறேன். ...ஒண்ணு கேட்கலாமா?

டீச்சர்: கேட்காதீங்க.

சேணக்காரர்: சரி. அந்த வாரைக் கழட்டிக் கொடுங்க.

டீச்சர்: என்ன கேட்க வந்தீங்க?

சேணக்காரர்: வலது இடுப்பு எத்தனை நாளா இப்படி?

டீச்சர்: ...ஒன்பது மாசம். குதிரைலேருந்து விழுந்தேன்னாலாவது ஒரு கௌரவம். துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஈரப் படி.

சேணக்காரர்: டாக்டர் என்ன சொன்னார்?

டீச்சர்: எலும்பு கூடிடுச்சுன்னார். கூடின விதம்தான் சரியில்ல. வலது கால் ஒரு விரல்கடை கட்டை. ஷூவுக்குள்ள அட்டை வச்சு நடக்கறேன். பார்த்தா யாருக்கும் தெரியாது...

சேணக்காரர்: மேல உட்கார்ந்தா அவனுக்குத் தெரியும்.

டீச்சர்: ஆமா. வலிக்கிற பக்கத்தை விட்டுட்டு என்னையறியாம இடது பக்கம் சாயறேன்.

சேணக்காரர்: முதலாளிகிட்ட சொல்றதுக்கென்ன?

டீச்சர்: சொன்னா பிள்ளைங்களை எங்கிட்ட விடுவாரா? நாள் பூரா "நேரா உட்காரு, நேரா உட்காரு"ன்னு தொண்டை வத்தக் கத்தறவ... அவளே கோணலா உட்கார்ந்தா?

சேணக்காரர்: அதனால பழி மாப்பிள்ளை தலையில.

டீச்சர்: நான் ஒண்ணும் பழி போடல.

சேணக்காரர்: வாயையும் திறக்கல.

டீச்சர்: ...ரெண்டும் ஒண்ணுதான். அவர் அவனைக் கெட்ட சாதிக் குணம், பிடிவாதம்னு என்னென்னவோ திட்டுவார். நான் பக்கத்துல நின்னு அவன் கழுத்தைத் தடவிக்கிட்டிருப்பேன். தடவறதுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

சேணக்காரர்: எனக்கு முதல் நாளே தெரியும், டீச்சர்.

டீச்சர்: எது?

சேணக்காரர்: நீங்க கொண்டுவந்த பழைய சேணம் இடது பக்கம் கண்ணாடி மாதிரி தேஞ்சு கிடந்தது. வலது பக்கம் நேத்து வாங்கினது போல இருந்தது.

டீச்சர்: அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் ஆகும், நாலு நாள் ஆகும்னு இழுத்தடிச்சீங்க?

சேணக்காரர்: பொருந்தாததையெல்லாம் நான் திரும்ப வாங்கிக்கிட்டேன், அவன் அளவுக்கு அங்க வேற சேணம் இல்ல. தைக்கிற சேணம் எங்கிட்ட இருக்கிற வரைக்கும் அவன் மேல யாரும் ஏற முடியாது. முதுகு ஆறட்டும்னுதான்.

டீச்சர்: நான் உங்களைச் சோம்பேறின்னு பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டேன்.

சேணக்காரர்: வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா. அவளுக்கு வேற காரணம்.

டீச்சர்: அண்ணே... என் கோணலுக்கு ஏத்த மாதிரி இதைத் திணிச்சுக் கொடுங்க. இடது பக்கம் கம்பளியைக் கூட்டி, வலது பக்கம் கால் வைக்கிற வாரைக் குறைச்சு.

சேணக்காரர்: செய்ய மாட்டேன்.

டீச்சர்: முடியாதா?

சேணக்காரர்: முடியும். உங்களுக்கும் அவனுக்கும் மட்டும்னா நாளைக்கே தருவேன். அவன் தாங்குவான், ரெண்டு பேருக்கும் வலிக்காது. ஆனா அவன் மேல பதினஞ்சு பிள்ளைங்க ஏறுதுங்க. உங்களை நேராக்கற சேணம் அதுங்களைச் சாய்ச்சுடும். ஒண்ணு விழுந்தா யாரு பதில் சொல்றது?

டீச்சர்: பிள்ளைங்க ஏறாது.

சேணக்காரர்: அதை நீங்களா முடிவு பண்ண முடியும்?

டீச்சர்: தைங்கண்ணே.

சேணக்காரர்: இருங்க. அதுக்கு அவசியமே இல்ல. ஒண்ணு சொல்றேன்... திட்டக்கூடாது.

டீச்சர்: சொல்லுங்க.

சேணக்காரர்: நேத்து சாயங்காலம் உங்க முதலாளி இங்க வந்தார். இந்தத் தோல் கட்டு மேலதான் உட்கார்ந்தார். தப்பு குதிரை மேலயா, சேணத்து மேலயான்னு கேட்டார்.

டீச்சர்: நீங்க என்ன சொன்னீங்க?

சேணக்காரர்: என் தையல்லதான் தப்புன்னேன். இத்தனை வருஷமா அந்தப் பள்ளிக்கு நான்தான் தைக்கிறேன். அதனால மறுபேச்சு இல்லாம நம்பிட்டார். இனிமே வேற ஆளைப் பார்த்துக்கறேன்னார். போகட்டும். ஊசியில நூல் கோக்கவே இப்போ எனக்கு அரை மணி நேரம் ஆகுது. மாப்பிள்ளை செங்கல் வண்டிக்குப் போக மாட்டான், உங்க வேலையும் போகாது. இடுப்பைச் சரி பண்ணிக்கிட்டு... என்ன டீச்சர்? இதுக்குப் போய் அழுவாங்களா?

டீச்சர்: அழல. இதை நேத்தே சொல்லி அனுப்பியிருக்கலாமே...

சேணக்காரர்: சொன்னா வேணாம்பீங்க. ஏன், என்ன ஆச்சு?

டீச்சர்: காலையில முதலாளி ரூமுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே. ஷூவைக் கழட்டி அட்டையை மேஜை மேல வச்சேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் "சேணக்காரருமா?"ன்னு கேட்டார். அதுவும் புரியல, அவர் உங்களுக்குச் சொல்லி அனுப்பினதும் எனக்கு அப்போ புரியல; பழியை நீங்க ஏத்துக்கிட்டது இப்பத்தான் புரியுது. எழுந்து வந்து மாப்பிள்ளை முதுகைத் தடவிப் பார்த்தார். ஒன்பது மாசமா என்னைச் சுமந்து அவனும் கோணிப்போயிட்டான்ல... "நீ கெடுத்த குதிரை, நீயே வச்சுக்க"ன்னு கடிவாளத்தை என் கையில கொடுத்துட்டார். இவன் என்னைச் சுமக்கலாமா கூடாதான்னு நீங்க இரக்கப்படாம சொல்லணும், அதுக்குத்தான் இதை உங்ககிட்ட மறைச்சேன். தாங்குவான்னு சொல்லிட்டீங்க. தங்கச்சி வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை இருக்கு, சாயங்காலம் இவனை அங்க கட்டப் போறேன். அவ இன்னும் சம்மதிக்கல, சம்மதிச்சுடுவா. பிள்ளைங்களுக்குத் திங்கட்கிழமை புது டீச்சர் வர்றாங்க. உங்களைப் பழையபடி வேலைக்கு வரச் சொல்லிட்டார், இனிமே பொய் சொல்லாம.