பெரிய பெட்டிக்கு எடுத்த பாட்டு

— பழசையே போடுவம் எண்டு இப்ப சொல்லுறீர் கோகுலன். அப்ப என்னத்துக்கு என்னை இவ்வளவு நாளும் அலைக்கழிச்சனீர்?

— கோவியாதேங்கோ சுதா அக்கா. புதுசு நல்லா எடுத்தனான்தான். ஆனா, பாருங்கோ, பழசே காணும்.

— காணுமோ? ஒரு ஃபோனிலை பாட்டைப் போட்டு, பக்கத்திலை மற்ற ஃபோனை வைச்சு நான் பதிஞ்சதுதான் அந்தப் பழசு. மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியிலை போட்டால் எண்ணெய்ச்சட்டியிலை கடுகு வெடிச்ச மாதிரிக் கேக்கும் எண்டு நக்கலடிச்சது ஆர்?

— நான்தான்.

— பேந்தென்ன? என்ரை மனுசனுக்குப் பிரான்ஸிலையிருந்து வரேலாது, அங்கத்தை விசா இன்னும் கிடைக்கேல்லை. மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்யிற சாமத்தியவீட்டுக்கெண்டு தானே பாடி, ஃபோனிலை பாட்டுப் பாடுற ஆப்பிலை ஏத்திவிட்டிருக்கிறார். வினோஜா மணவறைக்கு நடந்து வரேக்கை அந்தக் குரல் கேக்கவேணும். நான் உம்மட்டைக் கேட்டது அது ஒண்டுதான்.

— விளங்குது அக்கா. அக்கராயன் மண்டபத்திலை கவரேஜ் இல்லை, ஆப்பிலையிருந்து நேரா ஓடவிடேலாது, பாட்டை இறக்கி எடுக்கவும் அது விடாது. அதாலைதானே பதிஞ்சு தாறன் எண்டனான்.

— பதிஞ்சதிலை என்ன பிழை?

— ஒரு பிழையும் இல்லை. ஆப்பிலை உச்சத் தரத்தை வைச்சு, மைக் பாவியாமல், கொம்பியூட்டருக்குள்ளாலையே எடுத்தனான். மெசேஜ் வாற சத்தம் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு. ஃபைலைச் சுருக்கவும் இல்லை. அத்தான் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது.

— அப்ப சந்தோசப்பட வேண்டிய விசயமெல்லோ. நீர் செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

— கடைசித் துண்டை வெட்டிப்போட்டுத் தரட்டோ?

— ஏன் வெட்டவேணும்?

— பாட்டு முடிஞ்சாப்பிறகு கொஞ்சம் இரைச்சல்.

— இப்பதானே பிழை ஒண்டும் இல்லை எண்டனீர். கொம்பியூட்டருக்கு விசரோ, உமக்கு விசரோ? அந்த ஹெட்செற்றைத் தாரும்.

— வேண்டாம் அக்கா, விடுங்கோ.

— தாரும் எண்டுறன். ம், போடும். ஓமடாப்பா, மூச்சும் கேக்குதுதான். தொண்டை கட்டியிருக்குப் பாவம், அங்கத்தைக் குளிராக்கும். எவ்வளவு வடிவாப் பாடியிருக்கிறார் பாரும். இப்ப இசை குறைஞ்சுகொண்டு போகுது, இதிலை எங்கை இரைச்சல்? பொறும். இது ஆர்?

— ஸ்ரூடியோவிலை ஆரும் நிண்டிருப்பினம்.

— ஸ்ரூடியோவுக்குப் போகக் காசேது தம்பி? தன்ரை அறையிலை வைச்சுத்தான் பாடினவர். பெடியளோடை பங்குக்கு இருக்கிற அறை. திருப்பிப் போடும்.

— அக்கா…

— போடும். "இஞ்சருங்கோ, சாப்பாடு ஆறுது." இது பொம்பிளைக் குரலெல்லே. கட்டின நாளிலையிருந்து நான் இவரை அப்பிடித்தான் கூப்பிடுறனான். தன்ரை மனுசனைத் தவிர வேறை ஆரை ஒருத்தி இஞ்சருங்கோ எண்டுவாள்?

— அந்தப் பெடியள் ஆற்றையும் மனுசி வந்திருப்பா. அவா தன்ரை மனுசனைக் கூப்பிட்டிருப்பா.

— நானும் அப்பிடித்தான் நினைக்கப் பாக்கிறன். அப்ப "ஓம், வாறன்" எண்டு மறுமொழி சொல்லுறது ஆர்?

— எனக்கு வடிவா விளங்கேல்லை அக்கா.

— மூச்சு இழுக்கிறது விளங்கின உமக்கு இது விளங்கேல்லையோ? என்னைப் பாத்துச் சொல்லும்.

— அத்தான்ரை குரல்தான்.

— சரி. பிள்ளைக்குப் பழசையே போடும், அந்த வெடிப்புச் சத்தத்திலை இது கேக்காது. இதை எனக்குத் தாரும், ஒரு துண்டும் வெட்டாமல்.