மூன்று வாரம் அசையாத முள்

மைசூரில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் நின்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அதிலும் மண்டி மொஹல்லாவில் மோட்டார் ஷெட் வைத்திருப்பவன் பாடு சொல்லி மாளாது.

வக்கீல் பசவராஜின் பழைய கார் தசராவுக்கு என்னிடம்தான் வந்தது. ஆயுத பூஜைக்காக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். மறுநாளே பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று திரும்பி வந்தது. எஞ்சின் ஓடும்போது டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போனால் மீட்டர் முள் வலப்பக்கம் சாய வேண்டும். இந்த முள்ளோ நட்டநடுவில் குந்திக்கொண்டு அசைய மாட்டேன் என்றது.

மூன்று வாரம், ஐயா. டைனமோவை நான்கு முறை பிரித்தேன். கார்பன் பிரஷ் மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், பேட்டரியையே மாற்றிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி நாச்சம்மாள் சாப்பிடக் கூப்பிட்டால்கூட அவள்மேல் எரிந்து விழுந்தேன். கெம்பையன் கை வைத்து ஓடாத வண்டி கிடையாது என்று பதினாறு வருஷமாகப் பேர். கடைசியில் வக்கீல், நாளைக்கு வண்டியைப் பெங்களூருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பரிதாபப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்துப்போக அவருடைய டிரைவர் சித்தையன் வந்தான். ஹனூர்க்காரன், நல்ல மனுஷன், மூன்று பெண்களுக்குத் தகப்பன். டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கிற கட்-அவுட் பெட்டியைக் குனிந்து பார்த்தான். அதன் எர்த் வயரைக் கழற்றி, அடியில் கத்தியால் சுரண்டினான்.

"ஏனுங்கண்ணா, வயருக்கடியிலே சந்தனமுங்க. காஞ்சு ஓடாட்டம் கெடக்குது. கரண்டு எப்படிங்க போகும்?"

சந்தனம் வைத்தது நான். அவன் கெட்ட எண்ணமில்லாமல்தான் சிரித்தான்.

"வக்கீலய்யாகிட்டச் சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பாருங்க" என்றான்.

வயரைச் சுத்தமாகப் பூட்டியதும், பேட்டரியில் தெம்பில்லாததால் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. வண்டியின் மூக்கு ஷெட்டின் பின்சுவரைப் பார்த்து நின்றது. நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். சித்தையன் அங்கே போனான். நான் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டேன். கிளட்சை மிதித்திருக்கும்வரை கியர் விழுந்திருப்பது முன்னால் நிற்பவனுக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. நான் செய்தது கிளட்சிலிருந்து காலை எடுத்தது மட்டும்தான். வண்டி முன்னால் பாய்ந்தது.

எஞ்சின் அணைந்துவிடாமல் உடனே மறுபடி மிதித்து, கியரை விடுவித்தேன். ஆத்திரத்தில் செய்தவனுக்கு இதெல்லாம் தோன்றுமா? சித்தையன் சுவருக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்து ஏதோ சொன்னான். சத்தத்தில் விளங்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்திருக்கலாம். ஆனால் முள் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சார்ஜ் நிலையாக நிற்கிறதா என்று ஐந்து நிமிடமாவது பார்க்காமல் எப்படிச் சொல்வது? பார்த்தேன். நின்றது. அதன் பிறகுதான் பின்னால் எடுத்தேன். அதற்குள் அவன் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பழுதைக் கண்டுபிடித்தது சித்தையன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் வராமல் இருந்திருந்தால், அடுத்து நான் கழற்ற இருந்தது அந்த வயரைத்தான்.