நாலாவது பாட்டுல அலறுனது யாரு?

…அதத்தான் தம்பி நானும் சொல்றேன்! சத்தம், சத்தம், எந்நேரமும் சத்தம். நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இன்னும் அட்டப்பெட்டிகூடப் பிரிச்சிருக்க மாட்டீங்க. அதுக்குள்ள புகார் சொல்ல வந்துட்டீங்கன்னா, அந்தச் சத்தத்துக்குள்ளயே குடித்தனம் பண்ற என் கதிய யோசிச்சுப் பாருங்க. உள்ள வாங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுல ஒயர் கெடக்கு. இந்த வீட்டுல எங்க கைய வெச்சாலும் ஒயர்.

எல்லாம் எம் பையன் வேல. பகல்ல இன்ஷூரன்ஸ் ஆபீஸ், நல்லா இஸ்திரி போட்ட சட்ட. சாயந்தரமானா பின்ரூம்ல அவனும் ரெண்டு கூட்டாளிங்களும் கிட்டாரு, டிரம்ஸுன்னு போட்டு இடிக்கற மெட்டல் பாட்டு. வெறும் மெட்டல்கூட இல்லயாம், பரிசோதனை மெட்டலாம். யார வெச்சுடா பரிசோதனைன்னு கேட்டேன். கதவச் சாத்திக்கிட்டான்.

ஆல்பம் வேற போட்டிருக்கான், இன்டர்நெட்ல. ஒரு பாட்டு ஆரம்பிச்சா, ஒரு வாளித் துணிய அலசிப் பிழிஞ்சு காயப்போட்டுட்டு வந்தாலும் அது அங்கயேதான் நிக்குது. தாளமாவது ஒழுங்கா இருக்கா? ஏழு தட்டு தட்டறான், அப்புறம் அஞ்சு, அப்புறம் பதினொண்ணு. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரத்துல கட்டி வெச்ச மாதிரி. ஏறினா கால் சுளுக்கும். "அதுதாம்மா அழகு"ங்கறான்.

சரி, ஊரு என்ன சொல்லுதுன்னு பாப்போம்னு, கீழ கருத்து எழுதியிருப்பாங்கல்ல, அதப் படிச்சேன். எல்லாத்தையும்தான். பின்ன, யாராவது படிக்க வேணாமா? ஒருத்தன் எழுதறான், வாஷிங் மெஷின்ல செங்கல்லப் போட்டு ஓட்டின மாதிரி இருக்குன்னு. வாஸ்தவந்தானேன்னு பாத்தா, அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கான்! பாராட்டாம் அது. இன்னொருத்தன், மூணு தடவ கேட்டாத்தான் புரியுதுங்கறான். மூணு தடவ சொன்னாத்தான் புரியும்னா அதுக்கு எங்க வீட்டுக்காரர் இருக்காரே, ஆல்பம் எதுக்கு? இன்னொரு மேதாவி, 'மூளை இருக்கு, மனசு இல்ல'ன்னு ஒத்த நட்சத்திரம். விடுவேனா? 'மொதல்ல ஒரு வாக்கியத்த ஒழுங்கா முடி, அப்புறம் மனசத் தேடு'ன்னு பதில் போட்டேன். இங்கிலீஷ்லதான். கான்வென்ட்ல படிச்சது வேற எதுக்கு உதவுச்சு?

ஆனா தம்பி, ஒரு விஷயத்துல மட்டும் அத்தன பேரும் ஒத்துப்போறாங்க. நாலாவது பாட்டு. அது முடியறப்ப ஒரு பொம்பள அலறுது பாருங்க, அது யாரு, யாருன்னு கேக்கறாங்க. உலகம் அழியறப்ப மிச்சமிருக்கற கடைசிக் குரலாம். இந்த ஆல்பத்துல பொய் இல்லாத ஒரே எடமாம். இதச் சொன்னது யாரு? அந்த மனசத் தேடினவன். அவனேதான்!

நான்தான் அது. அலறினது.

சிரிக்காதீங்க. வாஷிங் மெஷின் குழாய் புடுங்கிக்கிச்சு. பாத்ரூம் ரொம்பி ஹால் வரைக்கும் வெள்ளம். இவன் உள்ள கதவச் சாத்திக்கிட்டு ரெக்கார்டிங். தண்ணி, தண்ணி, டேய் தண்ணிடான்னு கத்தினேன், மைக்குல விழுந்துடுச்சு. ஏண்டா அத அழிக்கலன்னா, "நீ சரியான தட்டுல வந்து விழுந்தேம்மா"ங்கறான். நான் வந்தது மாப்பு எடுக்க.

பள்ளிக்கூடத்துல எனக்குப் பாட்டு சொல்லிக்குடுத்த சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? "நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்." படிப்பு முடியற வரைக்கும் அசைச்சேன். பாட்டுப் போட்டியில பரிசு வாங்கின ஃபோட்டோவுல பாருங்க, இருக்கறதுலயே பெருசா தொறந்திருக்கறது என் வாய்தான்.

இப்ப அடுத்த ஆல்பத்துக்கும் அம்மா வேணுமாம். ஞாயித்துக்கிழம ரெக்கார்டிங். போன வாரம் ஒத்திகைக்கு மைக்கு முன்னாடி நிக்க வெச்சான். வாய் தொறக்குது… அவ்வளவுதான். காத்துதான் வருது. டிரம்ஸ் அடிக்கற பையன், "ஆன்ட்டி பாவம்டா, வேற ஆளப் பாத்துக்கலாம்"ங்கறான். பாவமாம்! என் கையால எத்தன டீ குடிச்சிருப்பான் அவன்!

சரி, அது கெடக்கட்டும். சாயந்தரம் சத்தத்தக் கொறச்சு வெக்கச் சொல்றேன், நீங்க நிம்மதியா… என்னது? சாயந்தரம் இல்லயா? காலையிலயா? காலையில அவன் ஆபீஸ்லல்ல இருப்பான். வீட்டுல யாருமே… டிரம்ஸ் சத்தமே இல்லயா. பொம்பளக் குரலா. பதினோரு மணி வாக்குல.

ஓ.

சுவரு அவ்வளவு மெலிசா இருக்கா தம்பி? தலகாணிய மூஞ்சியில அழுத்திக்கிட்டுத்தான் அலறிப் பழகினேன். மொதல்ல அப்படித்தான் பண்ணேன். அதுல கடைசியில வர்ற இழுப்பு சரியா வரல. அதான், எல்லாரையும் அனுப்பிட்டு, ஜன்னலச் சாத்திட்டு… ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்கங்க, ராஜா.

என்ன, உங்க மீட்டிங்லயே கேட்டுச்சா? கம்ப்யூட்டர்ல இருந்த அத்தன பேருக்குமா? எந்திரிச்சுட்டீங்க? டீ போடறேன், இருங்க. சரி சரி, போங்க, வேலை இருக்கும். என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.

போலீசக் கூப்பிடச் சொன்னாங்களா!

தம்பி… தம்பி, கதவச் சாத்தாதீங்க, ஒரு நிமிஷம். நெஜமாவே அவ்வளவு நல்லாவா வந்துச்சு?