இடது பின் டயர்

விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

அன்று காலை முற்றத்து மேசையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். திராட்சைப் பந்தலின் நிழல் விழுந்த பக்கம் மாப்பிள்ளை ராட்கோ. அவனை ஒட்டி என் ஒரே மகள் யானிட்சா. எழுந்து எழுந்து போக வசதியாக அடுப்படி வாசலருகே என் மனைவி ஸ்டொய்னா. எதிரே, அவர்கள் கிளம்பவிருந்த வேனைப் பார்த்தபடி நான். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா சூடாக இருந்தது. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்க்க வேண்டும் என்பதால் நான் சாப்பிடாமல் எழுந்தேன்.

எங்கள் தெருவில் யார் வெளியூர் கிளம்பினாலும் காற்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மாமா கை வெச்ச டயரை ஜெர்மன் போலீஸே தொட்டுப் பாக்க மாட்டான்" என்றான் ராட்கோ. கேலிதான். நம்பிக்கையும்தான்.

இந்த முறை அவர்கள் சட்டி பானை வரை ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்கே குடிபோனார்கள். இனி மேசையில் நானும் ஸ்டொய்னாவும்தான். அத்தனை சுமைக்குப் பின்பக்க டயர்களில் காற்று அளவுமானி நான்கு பார் காட்ட வேண்டும். காட்டும்படி நிரப்பியிருந்தேன்.

பயணம் போகிறவர் வாசலில் வைத்த செம்புத் தண்ணீரை வலது காலால் தட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். தண்ணீர் ஓடுவதுபோல வழியும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று. யானிட்சா தட்டினாள். தண்ணீர் கேட் வரை போகிறதா என்று எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேனுக்குப் பின்னால் குந்தி, இடது பின் டயரில் இரண்டரை வரும்வரை காற்றை இறக்கினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளை முத்தமிட்டேன். சுமை ஏற்றிய டயர் எப்படியும் கொஞ்சம் பிதுங்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வண்டி ஆடும், பயந்து திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் தள்ளிப்போனால் அவள் மனம் மாறலாம்.

ஆடத்தான் செய்தது. எல்லைக்கு முன்பே, வேனை ஓட்டிக்கொண்டே யானிட்சா போன் செய்தாள். "அப்பா, பின்பக்கம் ஒரு மாதிரி இழுக்குதுப்பா. இவரு நிறுத்திப் பாக்கலாங்கிறாரு. அப்பா பாத்த டயர், அவரையே கேப்போம்னு நான்தான் சொன்னேன்."

திரும்பி வா என்று சொல்ல அதுதான் நேரம். ஆனால் நிறுத்தினால் ராட்கோ அளவுமானியை வைப்பான். கடைசியாக அந்த டயரைத் தொட்ட கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

"சுமைம்மா அது. போகப் போகச் சரியாயிடும், நீ ஓட்டு" என்றேன்.

ஆகஸ்ட் வெயில். காற்று குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும் என்பதை இந்தத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். வெடித்தது. ராட்கோ அந்த இடத்திலேயே இறந்தான். அவன் அடக்கத்தன்று, இறந்தவர் பெயரில் பரிமாறும் வேகவைத்த கோதுமையை யானிட்சா எனக்குக் கிண்ணத்தில் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

வேகமாக ஓட்டியது தன் தப்பு என்று அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதை அடித்துவிடுங்கள். நான் ஓட்டச் சொன்னேன், ஓட்டினாள். கொன்றவன் நான்.

இப்போது பழைய அறையிலேயே இருக்கிறாள். அவளுக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இந்த உறையை ஒட்டி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். தபால் நிலையம் வரை என் காரில் போகிறாள். உள்ளே என்னப்பா என்று கேட்டாள், டயர் விவரம் என்றேன். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறது, நானே பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.