காதோடு சொன்ன விடை

ராத்திரி ஏழே முக்கால் மணி. மழை விட்டுத் தூறல் மட்டும். பழைய குடோன்களுக்கு நடுவே போகிற ரோடு... ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்த ரோட்டில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். கிளப்பில் வினாடி வினா. அதில் அவர் ஜெயித்தே ஆகவேண்டும்.

நம் பிரஸ்காரன் இருக்கிறானே, அச்சகம் வைத்திருப்பவன், அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. பாதி அவன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தது. மீதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாக்குக் குழறக் குழற அவரே சொன்னது. வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் யாரும் பேசாதீர்கள்.

சித்தப்பா மருந்துக் கம்பெனி மேனேஜர். சித்தி பள்ளிக்கூட நூலகர். கிளப் போட்டியை ஜோடியாகத்தான் ஆடுவார்கள். கேப்டன் மட்டும் வாய் திறக்கலாம்; கூட இருப்பவர் காதோடு சொல்லலாம், அவ்வளவுதான். சித்தி அவருடைய வலது காதில் சொல்வாள். அவர் எழுந்து நின்று கணீரென்று சொல்வார். கைதட்டல் அவருக்கு, கோப்பை அவருக்கு. போகப் போக, விடை யாருடையது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

போன வருஷம் கடைசிக் கேள்வி. தன்னைத்தானே ஒரு முறை சுற்றுவதற்குள் சூரியனையே சுற்றி முடித்துவிடும் கோள் எது? சித்தி 'வெள்ளி' என்றாள். அவர் எழுந்து 'சனி' என்றார். தோற்றார்கள். அதோடு விட்டாரா மனுஷன்? மைக்கைப் பிடித்தார்.

"எல்லாம் எங்க வீட்டம்மா கைங்கரியம். காதுல தப்பா ஓதிட்டா!"

சபை சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை... மறுக்கவும் இல்லை. கூட இருப்பவர் வாய் திறக்கக் கூடாதே.

அடுத்த மாசமே சித்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

'பொண்டாட்டி போனா கேப்டன் பூஜ்யம்' என்று கிளப்பில் யாரோ சொன்னது அவர் காதுக்கு வந்தது. அதுதான் குத்திக்கொண்டே இருந்தது. சித்தி போனதுகூட இல்லை.

"கூட நான் வந்து உக்காரட்டுமா சித்தப்பா?" என்று பிரஸ்காரன் கேட்டான்.

"நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற? தனியாத்தான்டா ஆடப் போறேன். இத்தன வருஷம் ஜெயிச்சது யாரு மூளைன்னு ஊரு பாக்கட்டும்."

குடோன் ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பார். குப்பென்று யூகலிப்டஸ் தைல வாசனை. சித்திக்கு ஒற்றைத் தலைவலி; எந்நேரமும் நெற்றிப்பொட்டில் அதைத் தடவியிருப்பாள். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நடந்தார்... வாசனையும் கூடவே நடந்தது.

மேடையில் அவருக்கு வலது பக்க நாற்காலி காலி. ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர்தான் கேள்வி கேட்டார். முதல் சுற்று விடுகதை. 'தண்ணீரில் பிறந்தவன், தண்ணீர் பட்டால் கரைந்துபோவான். யார்?'

சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. கடிகாரம் டிக்... டிக்... வலது காதில் சில்லென்று ஒரு மூச்சு.

"உப்பு."

எழுந்தார். "உப்பு!" கைதட்டல்.

பயந்திருக்க வேண்டும். பயம் வரத்தான் செய்தது, கைதட்டல் வரைக்கும். அடுத்த கேள்விக்கு அவரே காதைச் சாய்த்தார். பறக்கிற பாலூட்டி எது? வௌவால் என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும். அதற்கும் அந்த மூச்சு வரட்டும் என்று காத்திருந்தார்.

கடைசியில் இரண்டு அணி சமம். ஒரே ஒரு கேள்வி பாக்கி.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

சாய்ந்தார். மூச்சு வந்தது.

"இடது கை மரத்துப்போகுதுங்க... டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சட்டை நனைந்துவிட்டது அவருக்கு. அவர் முன்னமே கேட்ட வார்த்தை அது. சித்தியின் கடைசி நாள், வேறொரு டாக்டரின் கிளினிக்கில். "என்னம்மா செய்யுது?" என்று அந்த டாக்டர் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், பழக்கதோஷம், இவர் காதில்தான் சொன்னாள். இவர் கணீரென்று சொன்னார். "ஒண்ணுமில்ல டாக்டர், வாயுப் பிடிப்பு." மாத்திரையோடு திரும்பினார்கள். அவளுக்கு விடியவில்லை.

இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு என்ன கேட்டார் தெரியுமா?

"விடையச் சொல்லுடி!"

"இடது கை மரத்துப்போகுதுங்க..."

அப்போதுதான் பார்த்தார். மேஜைமேல் அவருடைய இடது கை... வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது.

நாற்காலியோடு சரிந்தார். டாக்டர் ஓடிவந்து குனிந்தார். "என்ன சார் செய்யுது?"

சித்தப்பா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது... சத்தம் வரவில்லை.

டாக்டர் மெல்லத் தலையைத் திருப்பினார். வலது பக்கம், அந்தக் காலி நாற்காலிப் பக்கம். காதைக் கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். அப்புறம் நிமிர்ந்து, மேடையேறி ஓடிவந்த பிரஸ்காரனின் தோளைத் தட்டினார்.

"பதறாதீங்க தம்பி. வெறும் வாயுப் பிடிப்புதானாம்... அம்மா சொல்றாங்க."