கட்டுன பல்லு கழண்ட கதை

அட, கன்னம் இப்படி வீங்கியிருக்கே, நீங்க பேசாதீங்க தம்பி. தலைய மட்டும் ஆட்டுங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன். பல் டாக்டர்ட்ட உங்களுக்கு அடுத்தது நான்தான். மத்தியானத்துக்குள்ள இந்தப் பல்லு வாய்ல அசையாம நிக்கணும். இல்லேன்னா என் கதை கந்தல்.

சொந்தப் பல்லு இல்ல, கட்டுனது. ரெண்டு பக்கமும் நல்ல பல்லு, நடுவுல டூப்ளிகேட்டு. பிரிட்ஜுங்கறாங்க. போன வாரம் ஒரு தும்மல் தும்முனேன் பாருங்க, ஜன்னல் வழியா பறந்து போயி பக்கத்து வீட்டு நாய் வாய்ல மாட்டிக்கிச்சு. நாய் என்னையப் பாத்து இளிக்குது, என் பல்லாலயே! சிரிக்காதீங்க, வலிக்கும். சரி சரி, நாய் பொய்யி. தும்மல் நெசம்.

இங்க போன் பண்ணா அந்த நர்ஸு பொண்ணு, தாத்தா, நீங்களா எதையும் வச்சு ஒட்டாதீங்க, கழுவி டப்பால போட்டு எடுத்துட்டு வாங்கன்னுச்சு. நான் கேக்குற ஆளா? மெழுகுவர்த்திய உருக்கி ஒட்டுனேன். சூடா டீ குடிச்சேன், பல்லு கப்புக்குள்ள முங்கிருச்சு. அப்புறம் சூயிங்கம். பல்லு ஒட்டல, நாக்குதான் ஒட்டுச்சு. இப்ப இருக்கறது மருந்துக்கடைல வாங்குன பல்செட்டுப் பசை. எச்சி ஊறுனா இதுவும்... ம்ம்... இருங்க, அமுக்கிக்கிறேன். ஆங்.

அன்னைக்கே ஏன் வரலன்னு கண்ணாலயே கேக்குறீங்க. அங்கதான் விஷயமே. பல்லில்லாம நான் கொழகொழன்னு பேசுனதும் மகன் முடிவு பண்ணிட்டான், அப்பாவுக்கு மூளை கலங்கிருச்சுன்னு. வாயத் தெறந்து காட்டியிருக்கலாம். காட்டல. என்னதான் பண்றாங்கன்னு பாப்போமேன்னு பல்லு டப்பாவ தலகாணிக்கு அடியில வச்சுட்டு, இன்னும் கொஞ்சம் கூடவே கொழறுனேன். ராஜ உபசாரம் தம்பி! ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்காத மருமக, ஸ்பூன்ல ஊட்டுறா. ஊட்டிக்கிட்டே புருஷன்ட்ட கேக்குறா, அந்த முதியோர் இல்லத்துல கட்டில் காலியாயிருச்சாமான்னு. என் தலைக்கு மேலயே! மூளையோட காதும் கழண்டுருச்சுன்னு நெனப்பு.

பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இவங்க கணக்குல வீடும் சேந்து போச்சு. மத்தியானம் வக்கீல் வர்றாரு. பெரியவரே, வீட்ட மகன் பேருக்கு எழுதச் சம்மதமான்னு கேப்பாராம், நான் தலையாட்டணுமாம். தூங்குறேன்னு நெனச்சுட்டிருக்காங்க, பின்வாசல் வழியா நழுவி வந்துட்டேன். வக்கீல் முன்னாடி தலையாட்ட மாட்டேன். மாட்டேன்னு கணீர்னு வாயத் தெறந்து சொல்லணும்.

அட, நர்ஸு பொண்ணு உங்களத்தான் கூப்பிடுது, போங்க. என்னையப் போகச் சொல்றீங்களா? இவ்வளவு வலிய வச்சுக்கிட்டா? நல்லா இருப்பீங்க. தள்ளாதீங்க, பல்லு விழுந்துரும்.

காலைல மகன் ஒத்திகையே நடத்திட்டான் தம்பி, எப்படித் தலையாட்டணும்னு. சரியா ஆட்டிக் காட்டுனேன். உடனே பய கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தான். சின்னப் புள்ளையில குடுத்தது, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். அந்த நிமிஷம், பல்லே வேணாம், இப்படியே இருந்துரலாமான்னு கூடத் தோணுச்சு.

வந்துட்டேம்மா, வந்துட்டேன்.