என் மூட்டை தராசில் இருந்தபோது

தகரக் கூரையின் கீழே தகித்துக்கொண்டிருந்தாலும் தளராமல் அமர்ந்திருக்கும் பேரவையே! பன்னிரண்டு ஆண்டுகளாக அநேகமாக எதிர்ப்பே இன்றித் தேர்வாகி, 'ஏகமனதார்' என்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் நம் தானிய விற்பனை வாரியத் தலைவர் அவர்களே! வரப்பைக் காலாலும் வானத்தைக் கண்ணாலும் அளந்து பழகிய பெரியவர்களே! களை பறித்த கை காயுமுன்னே கூட்டத்துக்கு ஓடிவந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் துண்டால் முகத்தை மறைத்திருக்கும், நம் நெல்லுக்கு ஈரம் பார்க்கும் அண்ணனே! சிரிக்காதீர்கள், அவரும் சம்பளத்துக்குப் பயந்தவர்தான். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ரகசிய ஓட்டுத் தீர்மானத்தை எதிர்த்துச் சற்று முன்பு பேசிய டிராக்டர்காரர் அருமையாகச் சொன்னார். "பெட்டி வெச்சு ஓட்டுப் போட்டா வீட்டுக்கு வீடு சண்டைதான் வரும். கையைத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம், அதுதான் ஒத்துமை" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மரியாதைக்கு.

ஒற்றுமையா அது? அச்சத்துக்கு அணிவித்த அலங்காரம் அல்லவா அது? நம் தேர்தல் எங்கே நடக்கிறது? கொள்முதல் களத்தில். எப்போது நடக்கிறது? நம் மூட்டைகள் வரிசையில் நிற்கும்போது. "எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்க, அப்படியே முடிச்சுடலாமே" என்று எப்போதோ யாரோ ஆரம்பித்தது. எவ்வளவு வசதி! யாருக்கு வசதி?

என் கதையையே சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

போன தேர்தலில் என் நாத்தனார் தலைவர் பதவிக்கு நின்றாள். அவளுக்காக நானும் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டேன். தேர்தலன்று என் நாற்பத்திரண்டு மூட்டையும் தராசுக்கு வந்துவிட்டன. மேலே கருமேகம். பக்கத்தில் ஈரம் பார்க்கும் கருவியோடு அண்ணன். எதிரே தலைவர். "என் பக்கம் யார் யார், கையைத் தூக்குங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மூட்டையைப் பார்த்தேன். என் கை மேலே போய்விட்டது, ஐயா! அவளுக்கு எதிராகப் போய்விட்டது!

அவளுக்கு உயர்ந்தது ஒரே ஒரு கை. அவளுடைய சொந்தக் கை.

அன்று என் நெல் உள்ளே போனது. அவள் நெல்லுக்கு மட்டும் "ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லி வாசலில் இறக்கினார்கள். மூன்று நாள் மழை. மூட்டைக்குள்ளேயே நெல் முளைவிட்டது. நான் போய் நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உங்க மூட்டையாவது உள்ள போச்சே அண்ணி, விடுங்க" என்றாள். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

அவள் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் நிற்கப் போகிறாள். நெஞ்சழுத்தக்காரி!

தலைவர் மணியை அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, நான் முடிக்கத்தான் போகிறேன். "பெட்டி வைப்பதை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றுதானே இப்போது கேட்கப் போகிறீர்கள்? மறைவாக ஓட்டுப் போடலாமா என்று கேட்பதற்கே வெளிச்சத்தில் கை தூக்க வேண்டுமா? நன்றாக இருக்கிறதே நியாயம்!

வேண்டாம். மேடையோரம் தண்ணீர்க் குடம் இருக்கிறது. காலிதான், டிராக்டர்காரர் பேசியே குடித்துத் தீர்த்துவிட்டார். என் பையில் நெல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய கையோடு வாருங்கள், குடத்துக்குள் கையை விடுங்கள். பெட்டி வேண்டும் என்றால் நெல்லைப் போடுங்கள். வேண்டாம் என்றால் நெல்லோடு கையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது.

என்ன, டிராக்டர் அண்ணே? "ஒருத்தரே ரெண்டு போட்டா?" என்று கேட்கிறீர்களா? பன்னிரண்டு வருஷமா இந்தச் சந்தேகம் எங்கே போயிருந்தது? தலை எண்ணிக்கைக்கு மேல் நெல் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி போடுவோம். விடியும்வரை போடுவோம்! விதைத்தவனுக்குக் காத்திருக்கத் தெரியாதா? அறுத்தவளுக்கு எண்ணத் தெரியாதா?

ஈரம் பார்க்கும் அண்ணனே, நீங்களும் ஒரு நெல் எடுங்கள். உங்களுக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது.

நாத்தனாரே, முதல் கை என்னுடையது. நான் நெல்லைப் போடுகிறேனா இல்லையா என்று உனக்கும் தெரியப்போவதில்லை. அன்று என் கையைக் கண்ணால் பார்த்தாய். இன்று பார்க்காமல் நம்பு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. விடைபெறக் கை கூப்புகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கைகள் நெஞ்சுக்கு நேரே நிற்கின்றன. இனி இவை யாருக்குப் பயந்தும் மேலே போகா. வணக்கம்!